மறுபடியும் அம்மா

டர்பன், ஜேக்கப்ஸ். செருப்புக் கம்பெனி.
சம்பளக் கணக்கு என்னுடையது, லீவுத் தாள்களும்.
குடும்பக் கடமைக்கு வருஷத்தில் மூன்று நாள்.
யார் யாருக்கென்று சட்டம் பட்டியல் வைத்திருக்கிறது:
கணவன், மனைவி, பெற்றவர், பெற்றவரைப் பெற்றவர்,
பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப் பிறந்தவர்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உண்டு.
அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் இல்லை.
அவர் செத்தால் உண்டு.
எழுதியது நானில்லை. படித்துக் காட்டுவது மட்டும் என் வேலை.

புதன் சாயங்காலம் பசை வாடையோடு
ந்தோம்பிஃபூத்தி வந்து நின்றாள்.
அடி ஒட்டும் பிரிவு, ஒன்பது வருஷம்.
சனிக்கிழமை நோங்கோமாவில் அடக்கம்,
வெள்ளியும் திங்களும் வேண்டும்.

யார்?

இழவுச் செய்தி கேட்டால் நாக்கைப் பல்லில் தட்டி
உச்சுக் கொட்டுவோமே,
அவள் சொன்ன சொல்லுக்கு நடுவில் அது இருந்தது.
மாம் என்று தொடங்கி, ஓர் உச்சு, பிறகு ஆனே.
ஜூலுவில் அது ஓர் எழுத்து.
ஆங்கிலத்தில் சொல் என்றேன், தாளுக்காக.
ஆன்ட்டி என்றாள்.

ஆன்ட்டி பட்டியலில் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தவள்
அம்மாவுக்குத் தங்கையா என்று கேட்டுவிட்டேன்.
ஆமாம். மாம் என்றால் அம்மா.
அந்த உச்சிலிருந்து கடைசிவரை, சின்ன.

சாட்ஸ்வொர்த்தில் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள்.
வியாழன்தோறும் சர்க்கரை வரிசையில்
அவளுக்காக நிற்கிறேன்,
என் லீவை அரை நாள் அரை நாளாகக் கிள்ளிக் கிள்ளி.

உறவு என்ற கட்டத்தில் எழுதினேன்: அம்மா.

மூட்லி கோப்பைத் திறந்தார்.
இரண்டாயிரத்துப் பத்தொன்பது, ஆகஸ்ட்.
இவளுக்கு அம்மா செத்து மூன்று நாள் கொடுத்தாயிற்று.
கீழே உன் கையெழுத்து.
ஒருத்திக்கு எத்தனை தடவை அம்மா சாவாள்?

அவர் வீட்டிலும் ஒரு பெரியம்மா உண்டு.
தீபாவளிக்கு அவள் அனுப்பும் முறுக்கில்
இரண்டு என் மேஜைக்கும் வரும்.
அவளை நினைத்துப் பார்த்திருக்கலாம்.
நினைத்தும் இருக்கலாம்.
சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அவள் போய்விட்டாள்.
செவ்வாய்க்கிழமை வந்தபோது
அவள் ஸ்டூலில் வேறொரு பெண்.
இவளைக் கண்டதும் எழுந்து,
திரும்ப உட்காரவும் தெரியாமல் நின்றாள்.

நீக்கக் கடிதத்தைத் தட்டியதும் நான்தான்.
அனுமதியில்லாமல் இரண்டு நாள். பொய்த் தகவல்.
பொய் என்னுடையது.
கடிதத்தில் இருந்தது அவள் பெயர்.

ஒன்பது வருஷமாகக் கேட்காத அர்த்தத்தை
அன்றைக்கு கேட்டருகே கேட்டேன்.
மறுபடியும் பெண், என்றாள். நாலாவதாம்.
எங்கள் பக்கத்தில் போதும்பொண்ணு
என்றே ஒருத்தி இருந்தாள் என்றேன்.
கொஞ்சம் சிரித்தோம்.
எனக்குச் சிரிக்க என்ன இருந்ததோ.

இருபத்து மூன்றாம் தேதி கவுன்சிலில் விசாரணை.
கம்பெனிப் பக்கத்துச் சாட்சி நான்.
அவள் என்ன சொன்னாள் என்று கேட்பார்கள்.
கட்டத்தை நிரப்பியது யாரென்று
கேட்காமலும் விடலாம்.
கேட்காததையும் சொன்னால்
என் நாற்காலிக்கும் ஓர் ஆள் வரும்,
என்னைக் கண்டதும் எழுந்திருக்க.

இரவில் பல் துலக்கியபின் பழகுகிறேன்:
நாக்கு நுனி, மேல் பல், இழு.
மாம். உச்சு. ஆனே.
பேசுவதையெல்லாம் பதிவு செய்வார்களாம்.
பிறகு அதைக் கேட்டுத் தட்டுகிறவர்
அந்த இடத்தில் என்ன தட்டுவார்?

சாட்சி சொல்லும் நாளுக்கு முழுச் சம்பளம், லீவும் கழியாது.
வியாழக்கிழமை.
சின்னம்மாவோடு வரிசையில் நிற்க
வேறு ஆள் தேட வேண்டும்.